சாவி, ஸ்விட்ச், பூட்டு: பைக் சாவியின் சின்ன சரித்திரம்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற திருமுக்கூடல்ல, பெருமாள் கோயில் சுவர்ல ஒரு நீளமான கல்வெட்டு இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலம், 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி, வைத்தியர், அறுவை செய்யறவர், மூலிகை கொண்டு வர ஆள், தண்ணி எடுக்க ஆள், நாவிதர் என்று எல்லாரையும் கணக்கில் வைத்து, யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தியரைப் பற்றி நிறைய பேர் எழுதியாச்சு. எனக்கென்னவோ அந்தத் தண்ணி எடுக்கிற ஆள் பேர்லதான் கண்ணு. சின்ன வேலைக்காரனையும் விட்டுவிடாத சரித்திரம் அது.

நம்ம காலத்தில் ரோட்டோரம் குடை நிழலில் உட்கார்ந்து, அரத்தால் சாவி ராவிக் கொடுப்பவருக்குக் கல்வெட்டு யார் வெட்டப் போறா? அதான் நாமளே கொஞ்சம் எழுதிடலாம்னு...

முதல்ல ஒரு அதிர்ச்சி வைத்தியம். மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் சாவியே கிடையாது! அந்தக் கால வண்டிகளில் பலவும் மேக்னெட்டோ வண்டிகள். 1902ல் பாஷ் கம்பெனி கொண்டு வந்த உயர் அழுத்த மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. எஞ்சின் சுத்தினா தானே மின்சாரம் செய்து தீப்பொறி கொடுக்கும். நிறுத்தணும்னா அந்த மின்சாரத்தை எர்த் பண்ணி விட்டால் போதும். பழைய வெஸ்பாவில் எஞ்சினை நிறுத்த ஒரு பட்டன்தான். சாவி ஹேண்டில் பாரைப் பூட்டுவதற்கு மட்டும்.

பேட்டரியும் காயிலும் வந்த பிறகுதான் சிக்கல். எஞ்சின் நின்றாலும் கனெக்ஷன் அப்படியே இருந்தால் பேட்டரி காலி, காயில் சூடு. அதனால் மறக்காமல் அணைக்க ஒரு ஸ்விட்ச் வேண்டியிருந்தது. அந்த ஸ்விட்சின் கழட்டி எடுக்கிற குமிழ்தான் நம்ம சாவி. திருடனைத் தடுக்கணும் என்பதெல்லாம் அப்புறம் வந்த யோசனை.

நம்பலைன்னா ஜாவாவைக் கேளுங்க. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961ல் தயாரிப்பைத் தொடங்கி, 1973ல் யெஸ்டி என்று பேரை மாற்றி, 1996ல் மூடியது. ஜாவாவின் சாவியில் பல்லே கிடையாது. தலையில் பிடி வைத்த ஒரு கம்பி, அவ்வளவுதான். ஹெட்லைட் மேலே இருக்கும் ஓட்டையில் குத்தினால் வண்டி ரெடி. ஒரு ஆணி இருந்தாலே போதும்னு அந்தக் காலத்து ஆட்கள் சிரிப்பார்கள். ஜெர்மனியின் பழைய பிஎம்டபிள்யூ வண்டிகளிலும் இதே ஆணிச் சாவிதான். ஆக, இது நம்மூர் சிக்கனம் இல்லீங்க :-)

நம்ம சென்னைக்கு 1955ல் என்ஃபீல்டு இந்தியா வந்தது. திருவொற்றியூர் புல்லட்டில் ஸ்விட்ச் ஹெட்லைட் கூட்டின் மேலேயே இருக்கும், பக்கத்தில் அம்மீட்டர். ஹேண்டில் பூட்டு தனி. 1984ல் இண்ட்-சுசுகி, 1985ல் ஹீரோ ஹோண்டாவும் ஆர்எக்ஸ் 100ம் வந்து எல்லாரும் பைக் வாங்குகிற காலம் பிறந்த பிறகு, பூட்டும் ஸ்விட்சும் மெல்ல மெல்ல ஒரே உருளைக்குள் குடியேறின. பெட்ரோல் டேங்க் மூடி, சைடு பேனல், சீட் எல்லாத்துக்கும் ஒரே சாவி. வசதிதான். ஆனா ஒண்ணு தொலைஞ்சா எல்லாமே போச்சு. மெக்கானிக் 'லாக் செட்' மாத்தணும் என்பது இதனால்தான்.

இங்கேதான் நாம கவனிக்க வேண்டிய சமாச்சாரம். இக்னீஷன் ஸ்விட்ச் என்பது ரெண்டு பாகம். மேலே சாவி போகிற பூட்டு. அதுக்குள்ள மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையா நிக்கும், சரியான சாவி போட்டால்தான் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை திரும்பும். கீழே வயர்கள் சேரும் கான்டாக்ட் தட்டு. சாவி நல்லாத் திரும்புது, ஆனா லைட் விட்டு விட்டு எரியுது, ஹேண்டிலைத் திருப்பினா வண்டி அணையுதுன்னா கோளாறு பெரும்பாலும் கீழ்த்தட்டில் இல்லைன்னா வயரில். பல வண்டிகளில் அந்தத் தட்டை மட்டும் மாத்தலாம், பழைய சாவியே ஓடும். சாவியே திரும்பலைன்னாதான் மேல் பாகம்.

'டைரக்ட்' பண்ணி விடுவது இன்னொரு வழி. ரெண்டு வயரை முறுக்கினா ஓடும். சில சிடிஐ வண்டிகளில் முறுக்கவே வேண்டாம். அணைக்கும் வயர் எர்த் ஆனால்தான் எஞ்சின் நிற்கும், கப்ளரைக் கழட்டிவிட்டால் உதைத்ததும் கிளம்பிடும். அப்புறம் பூட்டுன்னு பேர் எதுக்கு? எங்க பக்கத்தில் நெசவாளி ஒருத்தர் புடவைக் கட்டோடு காஞ்சிபுரம் போய், வண்டியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கடை உள்ளே கணக்குப் பார்க்கணும். டைரக்ட் பண்ண வண்டியை நம்பி எப்படிப் போவார்? திருடு போனால் இன்சூரன்ஸ்காரர் முதல்ல கேட்கிறது ரெண்டு ஒரிஜினல் சாவியையும்தான்.

சின்ன ஸ்விட்ச்தானேன்னு நினைக்காதீங்க. 2014ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்விட்சுக்குள் பிடிமானம் போதவில்லை. சாவிக்கொத்து கனத்தாலோ ஒரு குலுக்கலாலோ சாவி தானே திரும்பி, ஓடும்போதே எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது. 124 சாவுகளுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். பைக் சாவியில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஒரு கிலோ பிள்ளையார் என்று தொங்கவிடும் அன்பர்கள் கவனிக்க. பைக் பூட்டுத் தகடுகளும் அந்தக் கனத்தில்தான் தேயுது.

2023 ஜனவரியில் ஆக்டிவா எச்-ஸ்மார்ட் வந்தது. சாவி பையிலேயே இருந்தால் போதும், வண்டி அடையாளம் கண்டுகொள்ளும். குமிழாகப் பிறந்த சாவி பூட்டாகி, இப்போ அடையாள அட்டையாகிவிட்டது. ஆணியால் ஓடிய ஜாவாவை நினைத்தால் இது முன்னேற்றம்தான், மறுக்கலை. ஆனா அந்தச் சாவி தொலைந்தால் குடை நிழல்காரரின் அரம் உதவாது. கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகணும், அவங்க சொன்ன விலை, அவங்க சொன்ன நாள். நாள்கூலிக்கு வண்டியை நம்பி இருக்கிறவருக்கு அந்த ரெண்டு நாள் ரொம்பப் பெருசு.

அதுவரைக்கும் ஒரு யோசனை. டூப்ளிகேட் போடணும்னா தினமும் போட்டுத் தேய்ந்த சாவியைக் கொடுக்காதீங்க. அரம் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகல் எடுக்கும். பீரோவில் தூங்குகிற ரெண்டாவது சாவியைக் கொடுங்க.

எங்க, அந்த ரெண்டாவது சாவியும் நம்பர் பில்லையும் எங்கே இருக்குன்னு இப்பவே எழுந்து போய்ப் பாத்துட்டு வாங்க பார்ப்போம்!