உயிரோடு நிறுக்கப்பட்ட மீன்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தூண்டில்காரர் ஒருவர் தாம் பிடித்த மீன் இத்தனை பவுண்டு என்று சொன்னால், அதற்குச் சான்று அந்த மீனின் உடல்தான். பெரிய மீன் கொல்லப்பட்டு ஊராரின் முன்னிலையில் நிறுக்கப்பட்டது. வசதி படைத்தவராயின், லண்டனின் ஜான் கூப்பர் அண்டு சன்ஸ் போன்ற பாடம் செய்வோரிடம் அதை அனுப்பி, வளைந்த முகப்புடைய கண்ணாடிப் பேழையில் அடைத்து, எடையும் நாளும் நீர்நிலையின் பெயரும் பிடித்தவர் பெயரும் பொன்னெழுத்தில் பொறித்துச் சுவரில் மாட்டினார். ஆகவே எடையைப் பதிவு செய்வதும் மீனைக் கொல்வதும் நெடுங்காலம் ஒரே செயலின் இரு பகுதிகளாகவே இருந்தன. இவை இரண்டும் பிரிந்ததில் இரக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆயினும் எது நம்பத்தக்க சான்று என்பது பற்றிய எண்ணம் மாறியதன் பங்கே பெரிது.

கொல்லாமல் எடையை அறிய முதலில் கிடைத்த வழி கணக்கு. மீனின் நீளத்தையும் உடலின் மிகப் பருத்த இடத்துச் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை கிடைக்கும் என்பது பரவலாக வழங்கிய வாய்பாடு. சால்மன் மீன்களுக்கு வழங்கிய ஸ்டர்டி வாய்பாடு நீளத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுக்கச் சொன்னது. 40 அங்குல நீளமும் 24 அங்குலச் சுற்றளவும் கொண்ட மீனுக்கு முதல் வாய்பாடு ஏறத்தாழ 28.8 பவுண்டும் இரண்டாவது 30.7 பவுண்டும் தருகின்றன. 'பைக்' என்னும் கொன்றுண்ணி மீனுக்கு நீளத்தை மட்டுமே கொண்டு எடை சொல்லும் 'மோனா' அட்டவணையும் புழக்கத்தில் இருந்தது. மெலிந்த மீனும் முட்டை நிறைந்த மீனும் அதன் பார்வையில் ஒன்றே. போட்டியும் பெருமையும் கலந்த ஒரு பொழுதுபோக்கில் இத்தகைய மதிப்பீடுகள் எவருக்கும் நிறைவளிக்கவில்லை. தராசு முள் காட்டும் எண்ணையே அவர்கள் கேட்டார்கள்.

தராசு என்றால் சுருள்வில் தராசு. இழுவிசைக்கேற்ப நீளும் வில்லைக் கொண்டு எடை காட்டும் இக்கருவியை, பில்ஸ்டனில் தொழில் தொடங்கிப் பின்னர் வெஸ்ட் பிராம்விச்சில் வளர்ந்த ஸால்ட்டர் குடும்பத்தார் வீடுதோறும் பரப்பினர். கையடக்கமான இத்தராசின் அடிக்கொக்கியைச் செவுள் வழியாகவோ தாடையிலோ மாட்டித் தூக்குவது எளிதாக இருந்தது. மீனுக்கு நேர்ந்த கேடும் அங்கிருந்தே தொடங்கியது. நீரில் மீனின் எடையை நீரே தாங்குகிறது. அந்தரத்தில் தொங்கும்போது முழுப் பாரமும் தாடை மூட்டிலும், தலையை உடலோடு இணைக்கும் மெல்லிய தசையிலும் வந்து விழுகிறது. செவுள் இழைகளோ குருதி நிரம்பியவை. சிறு கீறலும் உயிரைப் பறிக்கக்கூடும்.

இந்த வரலாற்றின் திருப்பம் 1952 செப்டம்பர் 13 அன்று ஹெரஃபோர்டுஷயரின் ரெட்மையர் குளத்தில் நேர்ந்தது. அங்கு ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு (ஏறத்தாழ 20 கிலோ) எடையுள்ள கெண்டை ஒன்றைப் பிடித்தார். முந்தைய ஆண்டு அதே குளத்தில் பாப் ரிச்சர்ட்ஸ் பிடித்த 31¼ பவுண்டு மீனைவிட இது மிகப் பெரிது. வாக்கர் அதைக் கொல்லாமல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் மீன் காட்சியகத்துக்குக் கொடுத்தார். 'கிளாரிசா' என்று பெயர் பெற்ற அம்மீன் 1971 வரை அங்கே வாழ்ந்தது. பாடம் செய்த உடல் இருக்க வேண்டிய இடத்தில் உயிருள்ள மீனே சான்றாக நின்றது. ஆயினும் ஒவ்வொரு பெரிய கெண்டைக்கும் காட்சியகத்தில் இடம் கிடைக்காது என்பதால், மீனைக் குளத்திலேயே விட்டுவிட்டு எடையை நிறுவும் முறை தேவைப்பட்டது. ஒரே மீன் ஆண்டுக்காண்டு வளர்ந்து மீண்டும் அகப்படும் என்ற ஆசையும் இதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் கெண்டை பிடிப்போரிடையே உருவான முறையின் நடுவில் இருப்பது எடைத் தொட்டில். அதாவது மீனை முழு நீளத்துக்கும் தாங்கும் மெல்லிய துணி ஏணை. முதலில் தொட்டிலை நன்றாக நனைத்து, ஈரத்தோடு தராசில் மாட்டி, முள்ளைச் சுழியத்தில் நிறுத்துகிறார்கள். உலர்ந்த துணியை நிறுத்துக் கழித்தால், அது பின்னர் குடிக்கும் நீரும் மீனின் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு நனைந்த மெத்தை விரிப்பின்மேல் மீனைக் கிடத்தி, துடுப்புகள் மடங்காமல் தொட்டிலுக்குள் சேர்த்து, விரிப்புக்கு மேலே சற்றே உயர்த்தி எண்ணைப் படிக்கிறார்கள்; கை தவறினாலும் மீன் மெத்தையிலேயே விழும். எல்லாவற்றையும் நனைப்பதற்குக் காரணம் மீனின் மேல் படிந்துள்ள வழுவழுப்பு: நோய்க்கிருமிகளையும் பூஞ்சையையும் தடுக்கும் இப்படலத்தை உலர்ந்த கையும் முரட்டுத் துணியும் துடைத்தெடுத்துவிடும்.

பாதுகாப்பு வலைகளிலும் இதே படிப்பினை நுழைந்தது. போட்டி முடியும்வரை மீன்களை நீருக்குள் வைத்திருந்து, மொத்தமாக நிறுத்துத் திரும்ப விடும் நீண்ட வலைப்பை ஒரு காலத்தில் முடிச்சு நூலால் பின்னப்பட்டது. முடிச்சுகள் செதிலையும் துடுப்பையும் தேய்த்ததால் இன்று இங்கிலாந்தின் விதிகள் முடிச்சில்லாத வலையை மட்டுமே ஏற்கின்றன. கெண்டையைத் தனியே வைக்கும் துணிப்பை ஒன்றில் ஒரு மீனுக்கு மேல் வைக்கவும் தடை உண்டு.

நேரமும் கணக்கில் வந்தது. களைக்கும்வரை துரத்தப்பட்ட வானவில் டிரவுட் மீன்களைக் கொண்டு கனடாவில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வில், காற்றில் எடுக்கப்படாதவற்றில் 12 விழுக்காடும், 30 நொடி எடுக்கப்பட்டவற்றில் 38 விழுக்காடும், 60 நொடி எடுக்கப்பட்டவற்றில் 72 விழுக்காடும் இறந்தன. கெண்டை இதைவிட உறுதியான மீன்தான். ஆனாலும் தராசு முள்ளை நிதானமாகப் பார்த்துப் படமும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இந்த எண்கள் இடங்கொடுக்கவில்லை.

கடல் மீன்பிடிப்பில் சிக்கல் இன்னும் கடுமை. 1939-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் எடைச் சாதனைக்கு மீன் தரையில் வைத்தே நிறுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அலையில் ஆடும் படகில் தராசு பொய் சொல்லும் என்பது நியாயமே. ஆனால் கரைக்கு வரும்வரை பெருமீன் உயிரோடு இருப்பது அரிது. எனவே அளவுப் பலகையில் நீளம் பார்த்து உயிரோடு விட வேண்டும் என்ற நிபந்தனையோடு, நீளத்துக்கெனத் தனிச் சாதனைப் பிரிவை அச்சங்கம் 2011-இல் தொடங்கியது.

தென்னிந்தியாவில் இதே வரலாறு காவிரியில் ஓடியது. 1946-இல் மைசூரின் புகழ்பெற்ற பாடம் செய்வோர் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த 120 பவுண்டு மஷீர் மீன் பழைய மரபைச் சேர்ந்தது. பிற்காலத்தில் கர்நாடகத்தின் காலிபோரே போன்ற முகாம்களில் மீனைப் பிடித்துவிட்டு எடையைக் குறிப்பேட்டில் எழுதித் திரும்ப விடும் வழக்கம் நிலைத்தது. விருந்தினரின் பெருமைக்காக 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அந்த எடைகளை ஆய்வாளர்கள் பின்னர் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மீன்களின் எண்ணிக்கை கூடியும் சராசரி எடை குறைந்தும் வந்தது தெரிந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஷீர் பெருக, காவிரிக்கே உரிய திமில் மஷீர் அருகியிருந்தது. அறிவியல் பெயர் உறுதியாகாமலே நூறாண்டுக்கு மேல் பிடிக்கப்பட்டு வந்த அந்தத் திமில் மஷீரை, தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த மீன்களின் துணையோடு, டோர் ரேமாதேவியி என்று 2018-இல் அடையாளம் கண்டனர்.