கல்லூரி வாசலில் நின்ற போலீஸ்

2008 நவம்பர் 12. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. உள்ளே மாணவர்கள் சாதியால் இரண்டாகப் பிரிந்து மோதிக்கொள்கிறார்கள். தரையில் விழுந்து அசைவில்லாமல் கிடப்பவரைச் சுற்றி நின்று கட்டையால் அடிக்கிறார்கள். வாசலில் போலீஸ் நின்றுகொண்டிருக்கிறது. சும்மா நிற்கிறது. அன்று மாலை தமிழ்நாடே டிவியில் பார்த்தது அதைத்தான்.

ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டதற்குப் போலீஸ் சொன்ன பதில்: முதல்வர் அனுமதி தரவில்லை!

கண்ணெதிரே நடக்கும் கொடூரத் தாக்குதலைத் தடுக்கக் கல்லூரி முதல்வரின் அனுமதி வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 149-வது பிரிவு, தடுப்பது போலீஸ்காரரின் கடமை என்றே சொன்னது. நடந்ததற்காக முதல்வர் சஸ்பெண்ட் ஆனார், கமிஷனர் மாற்றப்பட்டார், நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது. சரி, இல்லாத ஒரு விதிக்கு எல்லோரும் ஏன் கட்டுப்பட்டு நின்றார்கள்?

பதில் சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் இருக்கிறது. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். 1971-ல் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுப்பதை எதிர்த்து மாணவர்கள் கிளம்பினார்கள். போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. பிறகு குளத்தில் ஒரு பிணம் மிதந்தது. மாணவர் உதயகுமார் என்றார்கள். பெற்ற தந்தையே "என் மகன் இல்லை" என்று சொன்னது இன்றும் பேசப்படும் கதை. இப்படி இரண்டு சம்பவங்களைப் பார்த்த மாநிலத்தில், போலீஸ் வளாகத்துக்குள் நுழைந்தால் ஆட்சிக்கே கெட்ட பெயர் என்ற பயம் வந்ததில் ஆச்சரியமில்லை. மாணவர்களைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற வந்த வழக்கம்தான் அது. ஆனால் மாணவனிடமிருந்து மாணவனைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் கேள்விக்குக் கொடுத்த விலைதான் நாவரசு. அதே அண்ணாமலை நகர், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். 1996 நவம்பர் 6 அன்று காணாமல் போனார். மகன் தீபாவளிக்கு வீட்டுக்கு வராததால் தந்தையே தேடிக்கொண்டு சிதம்பரம் போய்ப் புகார் கொடுத்தார். அதற்குள் சென்னையில் தலையில்லாத ஓர் உடல், யாருடையது என்று தெரியாமல், போலீஸ் கையில் கிடைத்திருந்தது. சீனியர் மாணவர் ஒருவர் கைதானார். 1998-ல் தண்டனை, 2001-ல் விடுதலை, 2011-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு?

இதன் பிறகு வந்ததுதான் 1997-ன் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது ஏழாவது பிரிவு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் ராகிங்குக்கு உடந்தை, அவருக்கும் அதே தண்டனை! ஆனால் புகாரை விசாரித்து முடிவு சொல்வதும் அதே தலைவர்தான். ராகிங் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று யு.ஜி.சி. விதி வந்தது 2009-ல்தான். அதற்கும் இமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் சாக வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் அதே வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்று பெற்றோருக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் மகளை அங்கே சேர்த்திருக்கவே மாட்டோம் என்பதுதான் அவர்கள் வாதம். 1990-ல் சட்டம் வந்தது. மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் சேர்ந்த கல்லூரிகள் வருடாவருடம் தங்கள் குற்றக் கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும்.

நம்மிடம் ராகிங்குக்கு விதி உண்டு, பாலியல் புகாருக்குக் கமிட்டி உண்டு. வளாகத்தில் நடந்த எல்லாக் குற்றங்களையும் வெளியே சொல்லும் கணக்கு கிடையாது. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் இறங்கினாலும் பேப்பர் இருக்கிறது. அட்மிஷனுக்கு வரும் அப்பா பிளேஸ்மென்ட் சதவீதம் கேட்கிறார், சொல்கிறார்கள். போன வருடம் எத்தனை போலீஸ் கேஸ் என்று கேட்டால்?

2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். செய்தவர் மாணவர் இல்லை, அந்தப் பகுதியில் பிரியாணிக் கடை நடத்தியவர். போலீஸ் தயங்கி நிற்கும் அதே வாசல் அவரைத் தடுக்கவில்லை. மாணவி துணிந்து கோட்டூர்புரம் போலீஸில் புகார் கொடுத்தார். அடுத்து நடந்தது என்ன? அவருடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 வருடம் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது. கசிந்த எஃப்.ஐ.ஆரை அதற்குள் எத்தனை பேர் ஃபார்வர்ட் செய்திருந்தார்களோ.