செம்பும் களிம்பும்: தென்மாவட்டங்களில் கார் ஒயரிங்கின் வரலாறு

காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் பட்டு நாளடைவில் செம்பின்மேல் பூக்கும் பச்சைப் படிவைத் தமிழர் களிம்பு என்பர். செம்போடு உடன்பிறந்ததாகக் கருதப்பட்ட இதனையே சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமையாக்கியது. அடுக்களைப் பாத்திரத்தில் புளியிட்டுத் தேய்த்தால் நீங்கிவிடும் இக்களிம்பு, காரின் மின்கம்பிக்குள் ஏறிவிட்டால் எளிதில் நீங்காது. அதனைக் கண்டறிந்து களைவது ஆட்டோ எலக்ட்ரீசியன் தொழிலின் நுட்பமான பணிகளுள் ஒன்றாயிற்று.

தென்மாவட்டங்களின் மோட்டார் வரலாறு மதுரையை மையமாகக் கொண்டது. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம், பேருந்துப் போக்குவரத்திலிருந்து வாகன விற்பனை, உதிரிபாகம் எனக் கிளைத்து, 1961இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் ஆலையைத் தோற்றுவித்தது. அதன்வழி, பட்டறைகளில் 'செல்ஃப்' எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ளிட்ட வாகன மின்கருவிகள் உள்நாட்டிலேயே உருவாயின. அக்காலச் சாலைகளில் ஓடிய அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டையும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ட்ரையம்ஃப் ஹெரால்டையும் தழுவியவை ஆதலால், அவற்றின் ஒயரிங்கும் பிரிட்டிஷ் மரபைச் சார்ந்திருந்தது.

அம்மரபின் அடிப்படை நிறக்குறி ஆகும். பேட்டரியிலிருந்து நேரே வரும் கம்பி பழுப்பு, சாவி திருப்பியபின் உயிர்பெறுவது வெள்ளை, அதுவே ஃபியூஸைக் கடந்தபின் பச்சை, வண்டியின் உலோக உடலோடு இணையும் 'எர்த்' கறுப்பு என வகுத்திருந்தனர். முகப்பு விளக்குக்குரிய நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் நெடுந்தொலைவு ஒளி, சிவப்புக் கோடு ஓடினால் தாழ்ந்த ஒளி என்று பிரித்தறியலாம். இந்நிறங்களை மனத்தில் கொண்டவர், வரைபடம் கையில் இல்லாமலும் பழுதின் இருப்பிடத்தை நெருங்கிவிட முடிந்தது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் அமைந்த மம்சாபுரம் போன்ற ஊர்களில், கோடை வெயில் கம்பியின் உறையை இறுக்கி வெடிக்கச் செய்ய, ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் அவ்வெடிப்பின் வழியே உட்புகுகிறது. பிவிசி உறை பரவுவதற்கு முன் இருந்த கம்பிகளில் ரப்பரின்மேல் பருத்தி நூற்பின்னல் போர்த்தியிருந்தமையால், அப்பின்னல் ஈரத்தை உறிஞ்சித் தேக்கிக்கொண்டது. கம்பி என்பது மெல்லிய செம்பு இழைகள் பலவற்றின் முறுக்கு ஆதலின், நீர் அவ்விழைகளுக்கு இடையே ஊர்ந்து, வெளியே உறை நன்றாகத் தோன்றும் இடத்திலும் உள்ளே களிம்பேற்றிவிடும். 5 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் பாதையில் களிம்பால் 0.4 ஓம் தடை சேர்ந்தால், 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே வீணாகும். எஞ்சிய 10 வோல்ட்டில் முகப்பு விளக்கின் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

பழுதுநீக்கும் முறை பொறுமையை வேண்டுவது. எலக்ட்ரீசியன் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கம்பியின் நுனியிலிருந்து உறையைச் சிறிது சிறிதாக உரித்துச் செல்கிறார். பச்சையோ கருமையோ தென்படும் பகுதியை வெட்டிக்கொண்டே போய், இழைகள் பளிச்சென்று செந்நிறம் காட்டும் இடத்தில்தான் நிறுத்துகிறார். அவ்விடத்தில் அதே நிறமும் தடிமனும் கொண்ட புதுக்கம்பியை முறுக்கி இணைத்து, ஈயப்பற்று வைத்து, உறையிட்டு மூடுகிறார். பற்று வைக்கும்போது அமிலம் கலந்த பசையைத் தவிர்த்துக் குங்கிலியம் போன்ற பிசினாலான பசையைக் கையாள வேண்டும். எஞ்சும் அமிலம் செம்பை மீண்டும் அரித்துவிடும். புளி பாத்திரத்துக்கு ஏற்றதாயினும் கம்பிக்கு ஆகாதது இக்காரணத்தாலேயே ஆகும். 'எர்த்' இணையும் இடத்திலுள்ள துருவையும் பெயின்டையும் சுரண்டிய பின்னரே பணி முழுமை பெறும்.

அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது; அவ்வண்டிகளோடு வளர்ந்த கைத்திறனும் அருகி வருகிறது. கைக்குக் கிடைத்த நிறத்தில் கம்பியைச் செருகும் அவசரப் பழுதுபார்ப்பு அன்றைக்கு வண்டியை ஓட வைக்கலாம். ஆயினும் அடுத்து வருபவருக்கு அது வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே பழைய கார்களைப் பேணுவோர், மாற்றப்படும் ஒவ்வொரு கம்பியும் அதன் பழைய நிறத்திலேயே அமையுமாறு பார்த்துக்கொள்வதோடு, செய்த மாற்றங்களைத் தமிழில் எழுதி வண்டியிலேயே வைத்திருத்தல் வேண்டும்.