ஒரே போர், இரண்டு உலோகம்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடித்தட்டில் ஸ்டோக்கர் என்றொரு தொழிலாளி இருந்தார். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. வெளிச்சம் படாத இடம், கரித்தூசி, அனல். கப்பல் மூழ்கினால் ஏணி ஏறி மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கப்பலில் அவருக்கும் கீழே என்று அதிகம் பேர் கிடையாது.

போர் முடிந்ததும் அவருக்கும் 'பிரிட்டிஷ் வார் மெடல்' கிடைத்தது. வெள்ளியால் ஆனது. விளிம்பில் பணி எண், பெயர், பதவி பொறித்திருக்கும். அவர் உயரம் என்ன, கண் என்ன நிறம், எந்தெந்தக் கப்பலில் இருந்தார், நடத்தை எப்படி என்று எழுதிவைத்த பேரேடு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. பேரன் தேடினால் தாத்தா கிடைத்துவிடுவார்.

அதே பதக்கத்தை வெண்கலத்திலும் வார்த்தார்கள். ஒரு பக்கம் அதே ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் அதே குதிரை வீரன், அதே ரிப்பன். உலோகம் மட்டும் வேறு. சுமார் 1,10,000 வெண்கலப் பதக்கங்கள், பெரும்பாலும் சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளுக்குப் போயின.

இது போர்க்காலச் சிக்கனம் இல்லை தோழர்களே. பழைய வழக்கம். 1885 பர்மா படையெடுப்புக் காலத்திலிருந்தே சிப்பாய்க்கு வெள்ளி, 'ஃபாலோயர்' எனப்பட்ட பின்தொடர் பணியாளருக்கு வெண்கலம். 1903-04 திபெத் படையெடுப்புப் பதக்கங்களில் வெண்கலம் பெற்றவரின் பெயருக்கு முன்னால் 'கூலி' என்றே பொறித்திருக்கிறார்கள். நாம் உழைப்புக்கு வாங்கும் காசுக்குச் சொல்லும் சொல், அங்கே ஒரு மனிதனின் பதவி.

யார் இந்த ஃபாலோயர்? தண்ணீர் சுமந்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், காயம்பட்டவரைத் தூக்கியவர், துணி வெளுத்தவர், மலக்குழி சுத்தம் செய்தவர். 1914-18இல் இந்தியாவில் சேர்க்கப்பட்ட 14 லட்சம் பேரில் 5,63,369 பேர் இப்படிப்பட்ட 'போரிடாத' பணியாளர்கள். குண்டு விழும்போது அது போரிடுபவரா, போரிடாதவரா என்று கேட்டுக்கொண்டா விழுந்தது? வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா 2020இல் வெளியிட்ட 'தி கூலிஸ் கிரேட் வார்' இவர்களைப் பற்றிய நூல். கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். தலித் என்பதற்காக நேரடியாக வெண்கலம் கொடுக்கவில்லை. பறையர்கள் பெருமளவில் இருந்த 61ஆவது பயனியர் பட்டாளம் 1914இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. அவர்கள் சிப்பாய்கள், அவர்களுக்கு வெள்ளிதான். பிரிவினை பணியின் பெயரில் நடந்தது. ஆனால் துப்புரவுப் பணியில் யாரைச் சேர்த்தார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் சாதி பிரித்த வேலையை ராணுவம் பதிவேட்டில் ஏற்றியது, நாணயச்சாலை உலோகத்தில் வார்த்தது.

வெள்ளி பெற்றவர்கள் கதையும் நன்றாக முடியவில்லை. 'வீர இனம்' என்ற கொள்கையைப் பரப்பியவர் ராபர்ட்ஸ். 1880களில் சென்னைப் படையின் தளபதியாக இருந்தவர், தென்னாட்டு மக்கள் போருக்கு லாயக்கில்லை என்று எழுதிவைத்தார். 1892இல் மகர்களைச் சேர்ப்பது நின்றது. சென்னைப் பயனியர் படையை 1933இல் கலைத்தார்கள். வேலை, ஓய்வூதியம், படிப்பு, ஊருக்குள் நிமிர்ந்து நடக்க ஒரு சீருடை எல்லாம் சேர்ந்து போனது.

செத்தவர்களுக்கும் இதே கதைதான். பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, மற்ற இந்தியர்கள் வெறும் எண்ணிக்கை. பெயர் பொறிக்கப்படாமலோ, எந்த நினைவும் இல்லாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூட இருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்துக்குத் தரப்பட்ட அறிக்கை 2021இல் ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள்.

வாழப்பாடி, பேளூர், ஆத்தூர்ப் பக்கம் சேரிகளில் பழைய டிரங்குப் பெட்டி வைத்திருக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளிப் பதக்கம் என்றால் பஞ்ச காலத்தில் அடகுக்கடைக்குப் போயிருக்கும். வெண்கலத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதனாலேயே அது மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பில் உள்ள எழுத்து மழுங்கிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். விளிம்பைத் தெளிவாகப் படமெடுங்கள். பாட்டி சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.