சின்னஞ்சிறு சொற்களின் நெடுங்கதை

ஆங்கிலம் பயில்வோரைத் திகைக்கச் செய்வன அம்மொழியின் நீண்ட சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு சொற்களே. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் கூடினாலோ, 'கைவிடு' என்று பொருள்படும். 'அவர் புகைபிடிப்பதைக் கைவிட்டார்' என்பதை ஆங்கிலேயர் இத்தொடர்வினை கொண்டே கூறுவர்.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய துணைச்சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. ஸ்காந்திநேவியர் குடியேறி, 1066இல் நோர்மானியர் ஆட்சியைக் கைப்பற்றிய பின்வந்த நூற்றாண்டுகளில் அம்முன்னொட்டுகள் தேய்ந்தன. துணைச்சொல் வினைக்குப் பின்னே தனித்து நிற்கலாயிற்று. 1154 வரையான செய்திகளைக் கூறும் பீற்றர்பரோ வரலாற்றுக் குறிப்பேட்டிலேயே 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவம் காணப்படுகிறது.

அரசவையும் நீதிமன்றமும் நெடுங்காலம் பிரெஞ்சையும் இலத்தீனையும் போற்றின. அம்மொழிகளிலிருந்து 'சரண்டர்', 'டொலரேட்' முதலிய சொற்கள் காலந்தோறும் வந்து சேர்ந்தன. ஆயினும், 'பொறுத்துக்கொள்' என்பதற்கு வீட்டிலும் சந்தையிலும் இன்றும் வழங்குவது 'புட் அப் வித்' என்பதே.

1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பிறநாட்டார்க்குப் பேரிடர் தருவன இத்தொடர்களே என முன்னுரையிற் குறிப்பிட்டு, அவற்றைத் தனிக்கவனத்துடன் தொகுத்தார்.

தமிழில் 'விட்டுக்கொடு' என்னும்போது, விடுதலையும் கொடுத்தலையும் பிரித்தா பொருள் காண்கின்றோம்? அங்ஙனமே ஆங்கிலத் தொடரையும் ஒரே சொல்லாகக் கருதி, வாக்கியத்தோடு கற்றல் வேண்டும். நீண்ட சொற்களை மட்டும் கற்றவர் சட்டநூலைப் படித்தறிவார். அண்டை வீட்டாரின் பேச்சிலே தடுமாறுவார்.