பணப்புழக்கம்

(பெ.) பணம் + புழக்கம். 'புழங்குதல்' என்றால் கையாளப்படுதல், நடமாடுதல். 'பணம்' முன்பு ஒரு தனி நாணயத்தின் பெயர். இன்றைய கேரளத்தின் மலைப்பகுதியான, காந்தலூர் உள்ளிட்ட அஞ்சுநாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய்.

பொருளியலில் நாட்டிலுள்ள மொத்தப் பணத்தைக் குறிக்கும்போது இச்சொல் தடுமாற வைக்கிறது. காந்தலூர் விவசாயி மலைப்பூண்டு விற்ற தொகையை வங்கியில் டெபாசிட் போட்டால், பேச்சுவழக்கில் அது முடங்கிய பணம். ரிசர்வ் வங்கியின் எம்3 கணக்கிலோ அதுவும் பணமே; மக்கள் கையிலுள்ள ரொக்கத்தோடு வங்கிகளிலுள்ள அவர்களது வைப்புகளும் அதில் சேரும். ஆகவே பாடநூல்களின் 'பண அளிப்பு' என்பதையே நான் விரும்புவேன்.

எம்3-ஐ நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்போடு ஒப்பிடுவார்கள். 1950-51இல் இந்தியாவில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இன்று சுமார் ஐந்தில் நான்கு. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகிக் கிராமங்களில் கிளைகள் பெருகியதற்கு இதில் பெரும்பங்கு உண்டு. சீனாவில் பண அளிப்பு உற்பத்தியைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு அறிவிப்பால் இந்தியாவில் புழக்கத்திலிருந்த நோட்டு மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போனது. உற்பத்தியில் 12 சதவீதமாக இருந்த ரொக்கம் 2017 மார்ச்சில் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நோட்டுகள் வங்கிக் கணக்குகளுக்குள் போனதால் எம்3 அவ்வாறு சரியவில்லை. கூலிக்குச் சில்லறை கிடைக்காமல் ஏழைகள் பட்ட பாட்டை எம்3 விகிதம் காட்டாது.