பொறி வேறு, ஒளி வேறு

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் விளக்கு எரியவில்லையென்றால் பழியை லூக்காஸ் நிறுவனத்தின் தலையில் போடுவது ஆர்வலர்களிடையே ஒரு சடங்காகிவிட்டது. 'இருளின் இளவரசன்' என்று அதற்குப் பட்டப்பெயரும் உண்டு. நல்ல கேலிதான், ஆயினும் வரலாற்றோடு முழுதும் ஒட்டாத கேலி என்றே கருதுகிறோம்.

இயந்திரத்துக்கு வேண்டிய பொறியும் பாதைக்கு வேண்டிய ஒளியும் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. 1902இல் போஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ, பேட்டரியின் துணையின்றித் தானே பொறியைப் பிறப்பித்தது. விளக்கோ, கால்சியம் கார்பைடின்மீது நீர் சொட்ட எழும் அசிட்டிலீன் வாயுவில் எரிந்தது. மின்விளக்கு பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. லூக்காஸின் 'மேக்டைனோ'வைப் பார்த்தாலே இது விளங்கும்: கீழே மேக்னெட்டோ, அதன் முதுகில் டைனமோ. சேர்ந்து சுழன்றாலும் இரண்டின் மின்சுற்றுகளும் தனித்தனி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை ஓட்டிய பிஎஸ்ஏ எம்20 இவ்வகையைச் சேர்ந்தது. பேட்டரி தீர்ந்தாலும் அது ஓடும். நின்ற எம்20 வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்குவது, நோய் ஓரிடம் மருந்து ஓரிடம் என்ற கதைதான்.

விளக்கு மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் 6 வோல்ட்டின் கணக்கில் இருக்கிறது. 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும்; 12 வோல்ட்டில் இரண்டரை போதும். எர்த் இணைப்பில் படிந்த துரு 0.2 ஓம் தடையாக நின்றால் 6 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 1 வோல்ட், அதாவது ஆறில் ஒரு பங்கு, வழியிலேயே தொலைகிறது. 12 வோல்ட் வண்டியில் அதே துரு தின்பது அரை வோல்ட், 24இல் ஒரு பங்கு மட்டுமே. டங்ஸ்டன் இழையின் ஒளி மின்னழுத்தத்தைவிட வெகுவிரைவாகக் குறைவதால், அந்த 1 வோல்ட் போனால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். புதுப்பிக்கும் ஆர்வத்தில் சட்டகம் முழுவதும் பெயின்ட் பூசி எர்த் வழியை அடைத்துவிடுவோரும் உண்டு (பளபளப்புக்குக் குறைவிராது!). விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் பல்பின் உலோக உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்தால் இழப்பு எண்ணாகவே தெரியும். ஒயர்களை அறுத்தெறியுமுன் இதைச் செய்துபார்க்கலாகாதா?

இன்னொன்று, அவ்வண்டிகள் பலவற்றில் எர்த் ஆவது பேட்டரியின் நேர்முனை. இன்றைய பழக்கத்தில் எதிர்முனையை எர்த் செய்தால், மறுதுருவப்படுத்தாத டைனமோ பேட்டரியோடு முரண்பட்டுக் கட்-அவுட் முனைகள் கருகக்கூடும்.

காயில் இக்னிஷன் வந்தபின்தான் பொறியும் ஒளியும் ஒரே பேட்டரியில் கைவைத்தன. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகளில் அதற்குச் சாட்சி ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் அம்மீட்டர். சாவியைப் போட்டு, டீகம்ப்ரெஸரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கையில் முள் எதிர்ப்பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அந்த நொடியில் டீகம்ப்ரெஸரை விட்டுவிட்டு உதைப்பதே புல்லட்காரர்களின் வழக்கம். முள் அசையவே இல்லையெனில் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பாயிண்ட் அழுக்கேறியிருக்கிறது. சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. பிளக்கைக் கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.